எவர்சில்வர் பாத்திரம் வாங்கப் போகிறேன்: எதற்கு எந்த அடி, எந்தக் கிரேடு?

தாளிப்புவாசம்:

எல்லோருக்கும் வணக்கம். தை பிறந்ததும் தனிக்குடித்தனம் போகிறோம். புது அடுப்படிக்கு எவர்சில்வரில்தான் எல்லாம் வாங்க வேண்டும் என்று முடிவு. நான்ஸ்டிக் வாணலிகள் இரண்டு உரிந்து போய்க் குப்பைக்குப் போனதே போதும்.

ஆனால் எவர்சில்வரிலும் சூடு பட்டுவிட்டேன். தீபாவளித் தள்ளுபடியில் ஒரு கடாய் வாங்கினேன். பளபளவென்று இருந்தது, மேலே '304 ஃபுட் கிரேடு' என்று ஸ்டிக்கர் வேறு. முதல் நாள் அதில் சேமியா வறுத்தேன். நடுவில், சரியாக பர்னர் அளவுக்கு ஒரு வட்டம் கருகிவிட்டது. ஓரத்தில் இருந்த சேமியா வெள்ளையாகவே கிடந்தது. அடுத்த வாரம் புளிக்காய்ச்சல் செய்து, மாற்றி வைக்கச் சோம்பல்பட்டு இரவு அதிலேயே விட்டேன். காலையில் கழுவினால் உள்ளே ஊசி குத்தியது போலப் பழுப்புப் புள்ளிகள். தேய்த்தும் போகவில்லை.

அம்மாவிடம் ஒரு பால் குண்டான் இருக்கிறது. வெளியே தாத்தா பெயரும் 12-9-1991 என்ற தேதியும் வெட்டியிருக்கும். இன்றைக்கும் அதில்தான் பால் காய்கிறது. ஒரு புள்ளி இல்லை. இரண்டும் எவர்சில்வர்தானே? எப்படி இவ்வளவு வித்தியாசம்?

எனக்குத் தேவை: பால் பாத்திரம், பொரியலுக்குக் கடாய், சாம்பார் ரசத்துக்கு இரண்டு குண்டான், சின்னதாக ஒரு தாளிப்புக் கரண்டி. மொத்தம் எட்டாயிரம் ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். இப்போது கேஸ் அடுப்பு, பின்னால் இண்டக்‌ஷன் வாங்கலாம்.

நெல்லைச்சீமை:

காந்தம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர், ஒட்டினால் மட்டமான சரக்கு. எங்கள் வீட்டில் இப்படித்தான் பார்த்து வாங்குவோம்.

பட்டறைக்காரன்:

நெல்லைச்சீமை அக்கா, மன்னிக்கணும், இந்தக் காந்தச் சோதனையை நம்பித்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். நான் இருபது வருடமாக எவர்சில்வர் தகடு அழுத்தும் பட்டறையில் இருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரும்பில் 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் சேர்ந்தால் அது துருப்பிடிக்காத எஃகு ஆகிறது. குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிய படலமாக மேலே படிந்துவிடும். நாம் தேய்த்துக் கீறினாலும் காற்றுப் பட்டதும் அந்தப் படலம் தானாக மறுபடி உண்டாகும். எவர்சில்வரின் உயிரே அந்தப் படலம்தான். உப்பும் புளிப்பும் அதைத்தான் தாக்கும்.

304 என்றால் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 18/8 என்று போடுவதும் இதையேதான். நிக்கல் விலை அதிகம். அதனால் நிக்கலைக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசைக் கூட்டி 200 வரிசைத் தகடுகள் வந்தன. 202 என்பதில் நிக்கல் 4 முதல் 6 சதவீதம். எங்கள் தொழிலில் ஜே4 என்று சொல்லும் தகட்டில் நிக்கல் ஒரு சதவீத அளவுதான், குரோமியமும் 304-ஐ விடக் குறைவு. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி மின்னும். முக்கியமான விஷயம், 202-லும் ஜே4-லும் காந்தம் ஒட்டாது! ஆக, காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து அது 304 என்று சொல்லவே முடியாது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். நல்ல 304 தகட்டையே ஆழமாக அழுத்தி இழுத்துக் குண்டான் செய்தால், வளைவிலும் விளிம்பிலும் லேசாகக் காந்தம் பிடிக்கும். அது குறை அல்ல, தகடு இழுபடும்போது நடக்கும் மாற்றம். இண்டக்‌ஷன் பாத்திரங்களின் அடியில் 430 என்ற வகையை வேண்டுமென்றே வைப்பார்கள். அதில் நிக்கல் இருக்காது, காந்தம் நன்றாகவே ஒட்டும். அதை மட்டம் என்று ஒதுக்கினால் நல்ல பாத்திரத்தை விட்டுவிடுவீர்கள்.

தாளிப்புவாசம், உங்கள் கடாயில் வந்த புள்ளிகள் புளியும் உப்பும் சேர்ந்து அரித்தவை. நிக்கல் குறைந்த தகடு என்றுதான் தோன்றுகிறது. 304-லும் இரவு முழுவதும் புளிக்காய்ச்சல் வைக்கக் கூடாது, ஆனால் ஒரே இரவில் இப்படி ஆகாது.

கருகிய வட்டம் வேறு கதை. அதற்கும் கிரேடுக்கும் சம்பந்தமில்லை. எவர்சில்வர் சூட்டைப் பரப்பாத உலோகம். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். மெல்லிய எவர்சில்வர் தகட்டில் தீ படும் இடம் மட்டும் கொதிக்கும், இரண்டு விரற்கடை தள்ளி இருக்கும் இடத்துக்கு அந்தச் சூடு போய்ச் சேராது. சுத்தமான 304 தகடாக இருந்தாலும் மெல்லியதாக இருந்தால் உங்கள் சேமியா கருகியே இருக்கும்.

அதனால் கடையில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். எந்தக் கிரேடு? அடியில் என்ன இருக்கிறது? முதல் கேள்வி புளிக்கும் உப்புக்கும். இரண்டாவது கேள்வி தீக்கு.

தாளிப்புவாசம்:

இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை அண்ணா. ரொம்ப நன்றி. ஆனால் ஸ்டிக்கரையும் நம்ப முடியாது, காந்தத்தையும் நம்ப முடியாது என்றால் கடையில் நின்றுகொண்டு எப்படித்தான் கண்டுபிடிப்பது?

கடைவீதி:

நாங்கள் திருச்சியில் இரண்டு தலைமுறையாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிறோம். கடைக்காரன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மாங்கனீசு சோதிக்கும் திரவம் சின்னப் பாட்டிலில் கிடைக்கிறது. பழைய உலோகம் எடுப்பவர்கள் எல்லோரும் வைத்திருப்பார்கள். பாத்திரத்தின் அடியில் ஒரு சொட்டு விட்டு, ஒன்பது வோல்ட் பேட்டரியின் ஒரு முனை தகட்டிலும் மறுமுனை சொட்டிலும் படும்படி சில நொடி பிடிக்க வேண்டும். 200 வரிசை என்றால் சொட்டு சட்டென்று சிவக்கும். 304 அப்படிச் சிவக்காது. கேட்டால் நான் வாடிக்கையாளர் முன்னாலேயே போட்டுக் காட்டுவேன். காட்ட மறுக்கும் கடையில் 304 விலை கொடுக்காதீர்கள். சோதித்த இடத்தை உடனே கழுவிவிட வேண்டும், உள்பக்கத்தில் போடவே கூடாது.

அடுத்து முத்திரை. எவர்சில்வர் சமையல் பாத்திரத்துக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 14756. மத்திய அரசு 2024 மார்ச்சில் போட்ட தரக்கட்டுப்பாட்டு ஆணையில் இதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது. முத்திரைக்கு மேலே அந்தத் தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் உரிம எண்ணைப் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம், ஒரு நிமிடம் கூட ஆகாது. ஒன்று மட்டும் கவனம்: முத்திரை இருப்பதாலேயே 304 என்று ஆகிவிடாது. கிரேடைத் தனியாகக் கேட்டு, பில்லில் '304' என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரச் சொன்னாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

அப்புறம் கனம். எங்கள் கடைகளில் கேஜ் கணக்குப் பேசுவோம். எண் கூடினால் தகடு மெல்லியது என்று அர்த்தம். 22 கேஜ் சுமார் 0.7 மில்லிமீட்டர், 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர். விளிம்பைப் பார்த்துக் கனத்தை முடிவு செய்யாதீர்கள். விளிம்பை மடித்து உருட்டியிருப்பார்கள், பார்க்கத் தடியாகத் தெரியும். பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரே அளவில் இரண்டு குண்டான்களை எடை போட்டால் எது என்ன என்று தெரிந்துபோகும். அந்தக் காலத்தில் எவர்சில்வரை எடை போட்டு விற்றதால் கனமான பாத்திரம் கேட்டு வாங்கும் பழக்கம் இருந்தது. இப்போது எண்ணிக்கைக்கு விலை, அதனால் தகடு இளைத்துக்கொண்டே போகிறது. எனக்கு இதில் மனவருத்தம்தான்.

கொங்குச்சமையல்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். டிரைப்ளை என்கிற இந்த மூன்றடுக்குப் பாத்திரம் எல்லாம் வராத காலத்தில் எங்கள் அம்மா முப்பது பேருக்குச் சமைத்தார்கள். எங்கள் வீட்டு எவர்சில்வர் போசியில் ரசம், சாம்பார், அரிசியும் பருப்பும் சாதம் எல்லாம் ஆகும். வெறும் கனத் தகடுதான். அடிப்பிடித்ததாக எனக்கு நினைவே இல்லை. இரண்டாயிரம் கொடுத்து மூன்றடுக்குக் கடாய் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. வதக்க, வறுக்க இரும்புச் சட்டி இருக்கிறது. தோசைக்கு இரும்புக் கல். மீன் குழம்புக்கு மண் சட்டி. எவர்சில்வர் கொதிக்க வைக்கத்தான்.

பட்டறைக்காரன்:

கொங்குச்சமையல் சொல்வதில் முக்கால்வாசி சரி. ரசத்திலும் சாம்பாரிலும் தண்ணீரே சூட்டைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோகும். கொதிக்கும் குழம்புக்கு அடியில் அலுமினியம் தேவையே இல்லை. வெறும் 304, கொஞ்சம் கனமாக இருந்தால் போதும். தாளிப்புவாசம், உங்கள் இரண்டு குண்டானிலும் காசை மிச்சப்படுத்துங்கள். டிரைப்ளை சாம்பார்ப் பாத்திரம் விற்பார்கள், வேண்டாம்.

ஆனால் பாயசம், சேமியா, வெங்காயம் வதக்குவது, தேங்காய் சேர்த்த பொரியல், அல்வா, தொக்கு... தண்ணீர் வற்றி, பொருள் நேராக உலோகத்தில் உட்காரும் சமையல் எல்லாம் வேறு. அங்கேதான் அடி பேசும். இரும்புச் சட்டி அருமைதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் தக்காளித் தொக்கும் புளியும் இரும்பில் கறுக்கும். அந்த இடத்துக்கு டிரைப்ளை.

டிரைப்ளை என்றால் உணவு படும் உள்பக்கம் 304, நடுவில் அலுமினியம், வெளியே காந்தம் பிடிக்கும் 430. மூன்றையும் ஒன்றாக ஒட்டிய தகட்டிலிருந்து பாத்திரத்தையே அழுத்தி எடுப்பார்கள், அதனால் அடியிலிருந்து விளிம்பு வரை மூன்று அடுக்கும் இருக்கும். வீட்டுக் கடாய்க்கு மொத்தக் கனம் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் தாராளம். சாண்ட்விச் அடி என்பது வேறு. சாதாரண எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் மட்டும் ஓர் அலுமினிய வில்லையை அழுத்தி, அதை எவர்சில்வரால் மூடியிருப்பார்கள். தட்டையான அடி உள்ள பால் பாத்திரத்துக்கு அது போதும். ஆனால் தீ அந்த வில்லையைத் தாண்டி மேலே ஏறினால், வில்லை முடியும் இடத்தில் சுவரோரமாக ஒரு வளையம் போலக் கருகும். உருண்டை அடிக் கடாயில் சாண்ட்விச் வாங்காதீர்கள்.

டிரைப்ளை விளிம்பை ஒரு முறை உற்றுப் பாருங்கள். இரண்டு வெள்ளிக் கோட்டுக்கு நடுவில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தால் அலுமினியம் வெளியே தெரிகிறது என்று பொருள். கையால் கழுவினால் தொந்தரவில்லை. பாத்திரம் கழுவும் எந்திரத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் அந்த நடுக்கோடு கரைந்து, இரண்டு பக்கமும் கத்தி போல நிற்கும். எந்திரம் வைத்திருப்பவர்கள் விளிம்பை மூடிய பாத்திரமாகப் பார்த்து வாங்குங்கள்.

316 என்று ஒன்றைப் பெரிய விலைக்கு விற்பார்கள். அதில் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் இருக்கும், உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். கடலோர வேலைக்கும் ரசாயன ஆலைக்கும் அது வேண்டும். வீட்டுச் சமையலுக்கு 304 போதும் என்பது என் எண்ணம்.

அடுப்பங்கரை:

எனக்கு அறுபத்தெட்டு வயது. கிரேடு எல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் கைப்பழக்கம் சொல்கிறேன்.

கண்ணு, உங்கள் அம்மாவின் பால் குண்டான் அடிப்பிடிக்காததற்குப் பாத்திரம் பாதிக் காரணம், உங்கள் அம்மா பாதிக் காரணம். கேட்டுப் பாருங்கள், பால் ஊற்றும் முன் குண்டானைத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் ஈரத்தோடுதான் ஊற்றுவார்கள். சிம்மில்தான் வைப்பார்கள்.

பொரியல் கடாயைப் பற்றி. காலி கடாயை நடுத்தரத் தீயில் இரண்டு நிமிடம் வையுங்கள். விரலை நனைத்து ஒரு சொட்டுத் தெளித்துப் பாருங்கள். சுர்ரென்று அடங்கிவிட்டால் இன்னும் காயவில்லை. சொட்டு முத்துப் போல உருண்டு ஓடினால் காய்ந்துவிட்டது. இப்போது தீயைக் குறைத்து எண்ணெய் விட்டு, எண்ணெய் நெளிந்ததும் கடுகு போடுங்கள். எண்ணெயையும் கடாயையும் ஒன்றாகச் சூடாக்கினால் ஒட்டும். மீனோ பனீரோ போட்டதும் உடனே திருப்பக் கூடாது. அடிப்பக்கம் சிவந்தால் அதுவே விட்டுக்கொடுக்கும். பலவந்தமாகச் சுரண்டினால் தோல் கடாயில், சதை கரண்டியில்.

உப்புமா அடியில் பிடித்தால் கலங்க வேண்டாம். அடுப்பை அணைத்து, தட்டுப் போட்டு மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். ஆவியில் அடி ஊறி, கரண்டி வைத்ததும் பெயர்ந்து வரும்.

கல்லுப்பைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பில் வைக்காதீர்கள். உப்பு அடியில் உட்கார்ந்த இடத்தில் புள்ளி விழும். கொதித்த பிறகு போட்டுக் கலக்குங்கள். உப்பு, ஊறுகாய்க்கு ஜாடிதான், எவர்சில்வர் சம்புடம் வேண்டாம்.

கருகினால் தண்ணீர் ஊற்றி இரண்டு ஸ்பூன் சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வையுங்கள், முக்கால்வாசி தானே கிளம்பும். வானவில் மாதிரி நீலமும் மஞ்சளுமாக நிறம் ஓடினால் பயப்பட வேண்டாம், சூட்டால் வருவது. வெள்ளைத் திட்டு உப்புத் தண்ணீரால் வருவது. இரண்டுக்கும் புளித்தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போதும், எலுமிச்சைத் தோலும் நன்றாக இருக்கும். பிளீச்சிங் திரவம் மட்டும் பாத்திரத்தின் பக்கமே வரக் கூடாது. இரும்பு நாரும் வேண்டாம், அதன் தூள் ஒட்டிக்கொண்டு துருப்போலத் தெரியும்.

மாடிவீட்டுச்சமையல்:

இண்டக்‌ஷன் பற்றி ஒரு வார்த்தை. அடி தட்டையாக இருக்கிறதா என்று கடையின் கண்ணாடி மேசையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். கேஸில் ஓரளவு சமாளிக்கலாம், இண்டக்‌ஷனில் முடியாது. மெல்லிய அடியை வெறுமனே அதிக வாட்டில் வைத்ததால் என்னுடைய ஒரு பாத்திரம் நடுவில் தொப்பை போட்டுவிட்டது. இங்கேதான் காந்தம் உதவும்: அடியில் கெட்டியாக ஒட்ட வேண்டும். சில பாத்திரங்கள் இண்டக்‌ஷனில் ரீங்காரம் போடும், அது பழுதல்ல.

கைப்பிடியையும் பாருங்கள். ஆணி அடித்த கைப்பிடி பல வருடம் வரும், ஆனால் உள்பக்கம் ஆணித்தலையைச் சுற்றி மசாலா சேரும். பழைய பல்துலக்கியால் வாரம் ஒரு முறை தேய்க்கிறேன். மெல்லிய தகட்டில் புள்ளி வெல்டிங் வைத்த கைப்பிடி என்றால் கொதிக்கும் குழம்போடு தூக்க எனக்குத் தைரியம் வராது.

நெல்லைச்சீமை:

காந்த விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி தம்பி. பதினைந்து வருடமாக எல்லோருக்கும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒரு கவலை. என் மகளுக்கு நிக்கல் ஒவ்வாமை, கவரிங் கம்மல் போட்டாலே காது புண்ணாகும். 304-ல் நிக்கல் இருக்கிறது என்கிறீர்களே, சமைத்தால் இறங்காதா?

பட்டறைக்காரன்:

கொஞ்சம் இறங்கும் அக்கா. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தக்காளிச் சாஸை எவர்சில்வரில் மணிக்கணக்காகச் சமைத்துப் பார்த்து 2013-ல் ஆய்வு வெளியிட்டார்கள். புதுப் பாத்திரத்தில்தான் நிக்கலும் குரோமியமும் அதிகம் இறங்கின. ஆறு முறை சமைத்த பிறகு குறைந்து ஒரு நிலைக்கு வந்தது, ஆனாலும் முற்றிலும் நிற்கவில்லை. ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு நான் இதைப் பெரிதுபடுத்த மாட்டேன். புதுப் பாத்திரத்தில் முதல் சில முறை பால், சாதம் என்று வைத்துவிட்டுப் பிறகு புளிக் குழம்புக்கு எடுக்கலாம். உங்கள் மகளுக்கு மட்டும் தோல் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். புளிக் குழம்பையும் தக்காளியையும் மண் சட்டியில் வைத்துக்கொண்டால் அந்தக் கேள்வியே வராது.

தாளிப்புவாசம்:

வாங்கியாயிற்று! நீங்கள் எல்லோரும் இவ்வளவு எழுதிய பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மூன்று கடை ஏறினேன். முதல் கடையில் '304 என்று பில்லில் எழுதித் தருவீர்களா' என்று கேட்டதும், 'எல்லாமே ஃபுட் கிரேடுதான்மா' என்று பேச்சை மாற்றினார்கள். வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் எழுதித் தரத் தயார், ஆனால் நான் கேட்ட அளவு இல்லை. மூன்றாவது கடைக்காரர் பேட்டரியையே மேசைக்கடியிலிருந்து எடுத்தார். நான் கையோடு கொண்டுபோன பழைய கடாயின் அடியில் ஒரு சொட்டு விட்டார். எண்ணி மூன்று நொடி, குங்குமம் கரைத்தது போலச் சிவந்தது. '304' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்த அதே கடாய்! பக்கத்தில் புது டிரைப்ளையின் அடியில் விடப் போனவரை நானே தடுத்தேன். வெளியடுக்கு 430 ஆயிற்றே, உள்ளே இருப்பதைப் பற்றி அது என்ன சொல்லும்? அவர் சிரித்துக்கொண்டே அதே கம்பெனித் தட்டு ஒன்றின் உள்பக்க ஓரத்தில் விட்டுக் காட்டினார். சிவக்கவில்லை.

வாங்கியவை: 24 செ.மீ. டிரைப்ளை கடாய் ஒன்று, சாண்ட்விச் அடி பால் பாத்திரம் ஒன்று, வெறும் 304 கனக் குண்டான் இரண்டு. தாளிப்புக் கரண்டி மட்டும் இரும்பில். எட்டாயிரத்துக்குள் முடிந்து, மிச்சத்தில் ஒரு ஜாடியும் வந்தது.

நேற்று அதே சேமியா, அதே அளவு நெய், நடுத்தரத் தீ. ஓரமும் நடுவும் ஒன்றாகப் பொன்னிறத்துக்கு வந்தது. கரண்டியை நிறுத்திவிட்டு நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவிடமும் கேட்டேன், அடுப்பங்கரை அம்மா சொன்னது அப்படியே: பாலுக்கு முன் ஈரம், துடைப்பதில்லை. 'இதைக்கூடவா சொல்லித் தர வேண்டும்' என்றார்கள்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பெயர் வெட்ட வேண்டும். டிரைப்ளையில் வெட்டலாமா?

கடைவீதி:

தாராளமாக வெட்டலாம் தங்கச்சி. மேலாக்கப் புள்ளி வைத்து வெட்டும் மெஷின் என்றால் உள்ளே இருக்கும் அலுமினியம் வரை போகாது. அடியில் வேண்டாம், தீயிலும் கரியிலும் எழுத்து மறைந்துவிடும், இண்டக்‌ஷனுக்கும் அடி சமமாக இருக்கட்டும். கைப்பிடிக்குக் கீழே வெளிச்சுவரில் வெட்டச் சொல்லுங்கள். தேதியையும் மறக்காமல் போடச் சொல்லுங்கள்.